திருவள்ளூர் வட்டாரத் தனியார் காடுகளில் புள்ளிமான் வாழிடப் பராமரிப்பு

திருவள்ளூர் மாவட்டத்தின் வடபகுதியில் கும்மிடிப்பூண்டி, ஊத்துக்கோட்டை வட்டங்களின் காப்புக்காடுகளை ஒட்டிப் பட்டா நிலங்கள், சவுக்குத் தோப்புகள், மாந்தோப்புகள், தரிசுகள், தொழிற்சாலைகளின் பசுமை வளையங்கள் எனத் தனியார் வசமுள்ள மரப்பரப்பு நிறைய உண்டு. அவற்றில் புள்ளிமானுக்கு ஏற்ற தீவனம், மறைவிடம், நீர் ஆகியவை கிடைக்கும்படி மரஞ்செடிகளைப் பேணும் முறையே இக்கட்டுரையின் பொருள். தமிழ்நாட்டில் இதற்கெனத் தனித் துறையோ வகுத்த நெறியோ உருவாகவில்லை. கிண்டி, தாம்பரம் போன்ற இடங்களின் அனுபவமும் விலங்கியல் அறிவும் உழவர்களின் பட்டறிவும் சேர்ந்ததே இன்று கையில் இருக்கும் பாடம்.

மரம் நட்டால் மான் வரும் என்று பலர் நம்புகிறார்கள். மரத்தின் உச்சியால் மானுக்குப் பெரிய பயன் இல்லை. தரையிலிருந்து சுமார் நான்கு, ஐந்து அடி உயரத்துக்குள் என்ன முளைக்கிறது, எந்த மாதத்தில் முளைக்கிறது என்பதே அதன் பிழைப்பைத் தீர்மானிக்கிறது. தனியார் காட்டைப் பேணுவோர் முதலில் பார்க்க வேண்டியது அந்த உயரத்தைத்தான்.

நிலமும் காடும்

பழைய செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து 1997-ல் பிரிந்தது திருவள்ளூர் மாவட்டம். கிழக்கே பழவேற்காடு ஏரியும் கடலும், வடமேற்கே ஆந்திர எல்லையில் நாகலாபுரம் மலைத்தொடரும், நடுவே ஆரணியாறும் கொசஸ்தலையாறும் பாயும் சமவெளியும் கொண்டது. மழையின் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் பெய்துவிடும். பிப்ரவரிக்குப் பிறகு புல் காய்ந்து, மே மாதத்தில் தாங்கல்கள் வெடித்துக் கிடக்கும். தீவனத்துக்கும் நீருக்கும் மான் தவிக்கும் காலம் அதுதான்.

கிழக்குக் கடற்கரைச் சமவெளிக்கு உரியது உலர் பசுமைமாறாக் காடு. மரங்கள் குட்டையாக, இலைகள் தடிப்பாக, ஆண்டு முழுவதும் பச்சையாக இருக்கும். பாலை, வீரை, காசான், நாவல், விளா, களா, காரை, சூரை ஆகியவை இதன் பழகிய உறுப்பினர்கள். வெட்டும் மேய்ச்சலும் மிகுந்த இடங்களில் இக்காடு முட்புதராகச் சுருங்கியது. மாவட்டத்தில் இன்று காப்புக்காடு என்று பெயர் பெற்ற பலவும் இந்தப் புதர்க்காடுகளே. இதே வகைக் காடு கெடாமல் பெரும்பரப்பில் நிற்பதைக் காண எல்லை தாண்டி ஸ்ரீஹரிகோட்டா தீவுக்குப் போக வேண்டும். ராக்கெட் ஏவுதளத்துக்காக அந்தத் தீவு 1969-ல் தேர்வானதால் வெளியார் நடமாட்டம் நின்றது; அங்கே காட்டுக்கும் புள்ளிமானுக்கும் அதுவே காவலாயிற்று.

தனியார் காட்டுக்கு இங்கே ஒரு பழைய கதை உண்டு. திருத்தணி, பள்ளிப்பட்டுப் பகுதிகள் கார்வேட்டிநகர் ஜமீனைச் சேர்ந்தவை. 1948-ல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தபோது, நிலம் கைமாறுவதற்குள் மரங்களை வெட்டி விற்றுவிடக் கூடும் என்ற அச்சம் மாகாணம் முழுவதும் எழுந்தது. அதைத் தடுக்க வந்ததே 1949-ஆம் ஆண்டின் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டம். இச்சட்டத்தின் கீழ் வரும் காட்டை விற்கவோ அதில் மரம் வெட்டவோ மாவட்டக் குழுவின் முன் அனுமதி வேண்டும். சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. ஆகவே, இங்கே சொல்லப்படும் எந்த வெட்டு வேலைக்கும் முன்னால், தம் நிலம் அந்தப் பட்டியலில் உள்ளதா என்பதை உரிமையாளர் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது அவசியம்.

புள்ளிமானின் தேவைகள்

புள்ளிமான் அடர்காட்டு விலங்கு அல்ல, வெட்டவெளி விலங்கும் அல்ல. காடும் புல்வெளியும் சந்திக்கும் ஓரமே அதன் இடம். காலையிலும் மாலையிலும் திறந்த இடத்தில் புல் மேயும். உச்சி வெயிலில் நிழலுக்குள் அசைபோட்டபடி படுத்திருக்கும். மழைக்காலத்தில் புல்லே முதன்மை உணவு. கோடையில் தளிர், உதிர்ந்த பூ, காய், கனி என்று மாறிக்கொள்ளும். வெயில் காலத்தில் தினமும் தண்ணீர் குடித்தாக வேண்டும். பெண் மான் சுமார் எட்டு மாதச் சினைக்குப் பின் பெரும்பாலும் ஒரே குட்டியை ஈனும். முதல் சில வாரங்கள் அதைப் புல்லுக்குள் ஒளித்து வைத்துவிட்டு மேயப் போகும்.

ஒரு மான் சுற்றித் திரியும் எல்லை ஒன்றிரண்டு சதுர கிலோமீட்டருக்குக் குறையாது. ஒரு சதுர கிலோமீட்டர் என்பது 247 ஏக்கர். ஐந்து ஏக்கர் தோப்பு வைத்திருப்பவர் மான் கூட்டத்தைத் தம் நிலத்திலேயே நிறுத்திவிட முடியாது. காப்புக்காட்டில் தங்கும் கூட்டத்துக்கு ஒரு வேளைத் தீவனமும் ஒரு பகல் நிழலும் தர முடியும். அடுத்தடுத்த பத்து நிலத்துக்காரர்கள் பேசி வைத்துக்கொண்டு ஆளுக்கொரு பட்டையை விட்டுவைத்தால் அது பாதையாகவும் ஆகிவிடும். தனித்தனியாகச் செய்யும் வேலையைவிட இந்தப் பேச்சுவார்த்தைக்குப் பலன் அதிகம்.

வெளிமான் வேறு வகை. அது இரலையினம், கண்ணுக்கெட்டிய தூரம் திறந்த புல்வெளியை நாடும். புதரும் மரமும் கலந்து வைத்தால் புள்ளிமான் செழிக்கும், வெளிமான் குன்றும். எந்த மானுக்காக நிலத்தைப் பேணுகிறோம் என்று முதலிலேயே தெளிந்துகொள்ளாவிட்டால் ஒன்றை வளர்க்கப் போய் மற்றதை இழக்க நேரும். சென்னைக் கிண்டியில் இந்த வேறுபாட்டைக் கண்கூடாகக் காணலாம்.

கிண்டியும் தாம்பரமும்

கிண்டிக் காடு ஒரு காலத்தில் கில்பர்ட் ராட்ரிக்ஸ் என்பவரின் தனிச்சொத்து. 1821-ல் அரசு அதை 35,000 ரூபாய்க்கு வாங்கியது. 1910-ல் காப்புக்காடாக அறிவிக்கப்பட்டபோது ஐந்நூறு ஹெக்டேருக்கு மேல் இருந்த பரப்பு, ஐஐடி, சிறுவர் பூங்கா, நினைவிடங்கள் என்று பிரித்துக் கொடுக்கப்பட்டு, 1978-ல் தேசியப் பூங்காவானபோது சுமார் 270 ஹெக்டேராகச் சுருங்கிவிட்டது. வெளிமானும் புள்ளிமானும் அங்கே ஒன்றாக வாழ்கின்றன. வெளிமான்கள் நம்பியிருப்பது போலோ மைதானம் என்று அழைக்கப்படும் புல்வெளியை. மரக்கன்று நட்டதாலும் புதர் தானாகப் பரவியதாலும் பூங்காவின் திறந்த வெளி குறையக் குறைய அவற்றின் நிலை நெருக்கடியானது. டி.ஆர். சங்கர் ராமன், ஆர்.கே.ஜி. மேனன், ஆர். சுகுமார் ஆகியோர் இவ்விரு விலங்குகளின் வாழ்வியலையும் பராமரிப்பையும் ஆராய்ந்து 1996-ல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் எழுதிய கட்டுரை, சிறிய காட்டில் மான் பேணுவோர் எல்லோரும் படிக்க வேண்டிய ஒன்று.

தாம்பரத்தில் சென்னைக் கிறித்தவக் கல்லூரி வளாகம் இன்னும் பொருத்தமான எடுத்துக்காட்டு. 1937-ல் கல்லூரி நகரத்திலிருந்து சேலையூர்க் காட்டுப் பக்கம் குடிபெயர்ந்தபோது அங்கே இருந்தது முட்புதர் நிலம். வேதியியல் பேராசிரியர் எட்வர்ட் பார்ன்ஸும் அவர் மனைவியும் மரம் வளர்ப்பதைத் தம் சொந்த வேலையாக எடுத்துக்கொண்டார்கள். வளாகத்தின் புதர்க்காடும் அதில் வாழும் புள்ளிமான்களும் இன்றளவும் நிலைத்திருக்கின்றன. புறநகர் சுற்றிலும் நெருக்கும்போதும் ஒரு தனியார் நிறுவனம் காட்டைக் காட்டாகவே விட்டுவைக்க முடியும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. தென்னிந்தியாவில் வேறோர் எடுத்துக்காட்டு குடகில் உண்டு: பமேலா, அனில் மல்ஹோத்ரா தம்பதி 1991 முதல் கைவிடப்பட்ட தோட்டங்களை வாங்கிச் சேர்த்து சுமார் 300 ஏக்கரில் உருவாக்கிய சாய் சரணாலயம்.

தோப்புக்குள் என்ன செய்யலாம்

கும்மிடிப்பூண்டிப் பக்கத்துச் சவுக்குத் தோப்புக்குள் நுழைந்தால் காலடியில் மெத்தென்று உதிர்ந்த ஊசி இலைப் படுகை தட்டுப்படும். அதை விலக்கிப் பார்த்தால் வெறும் மணல். ஒரு புல், ஒரு கொடி இருக்காது. மேலே பச்சைப் பசேல் என்றிருந்தாலும் மானுக்கு அங்கே வாய் வைக்க ஒன்றுமில்லை. அதே தோப்பை மூன்று நான்கு ஆண்டில் வெட்டியதும், அடுத்த மழையில் கோரையும் அருகும் கீரைச் செடிகளும் மண்டிக் கிடக்கும்; கன்றுகள் தலைதூக்கி நிழல் கட்டும்வரை அது நல்ல மேய்ச்சல். ஆகையால் முழுத் தோப்பையும் ஒரே ஆண்டில் வெட்டாமல் மூன்று பகுதியாக்கி ஆண்டுக்கு ஒன்றாக வெட்டினால், எப்போதும் ஒரு பகுதி திறந்தும், ஒன்று இளம்பருவத்திலும், ஒன்று மறைவாகவும் இருக்கும். உழவருக்கும் வருமானம் ஆண்டுதோறும் வரும். தைல மரம் மறுதாம்பு விடும் என்றாலும் அதன் தழையை மான் விரும்பாது. அதனடியில் நிழல் லேசாக இருப்பதால் இடைவெளி கூட்டினால் புல் எழும்பும். அவ்வளவுதான் அதனால் ஆகும் நன்மை.

பசுமை வளையங்களில் இன்னும் கவனம் தேவை. பெரிய தொழில் திட்டங்களுக்குச் சுற்றுச்சூழல் அனுமதி தரும்போது மொத்த நிலத்தில் 33 விழுக்காடு பசுமைப் பரப்பாக இருக்க வேண்டும் என்பது வழக்கமான நிபந்தனை. நிபந்தனையை நிறைவேற்ற நெருக்கி நெருக்கி ஒரே வகை மரத்தை வரிசையாக நடுகிறார்கள். எண்ணிக்கை நிறைகிறது, காடு உண்டாவதில்லை. வளர்ந்த வரிசைகளில் இடையிடையே மரங்களை எடுத்து, இருபது முப்பது மீட்டர் அகலத்தில் ஒழுங்கற்ற திட்டுகளாக வெளிச்சம் விழ விட்டால் புல்லும் புதரும் தாமாக வரும். இதற்கு அனுமதி அளித்த துறையிடம் முன்கூட்டியே எழுத்து மூலம் சொல்லிவிட வேண்டும். கேட்காமல் வெட்டினால் நிபந்தனை மீறலாகிவிடும். ஆலை மதிலுக்குள் முற்றிலும் அடைபட்ட பசுமை வளையத்தில் மான் வாழிடம் அமைக்க முயல்வது வீண், கொடுமையும் கூட. காப்புக்காட்டை நோக்கித் திறந்திருக்கும் பக்கம் இருந்தால் மட்டுமே இந்த வேலையைத் தொடங்கலாம்.

நடுவதற்கு மரம் தேர்ந்தெடுக்கும்போது அவை பழுக்கும் மாதத்தைப் பார்ப்பது நல்லது. பனிக்காலத்தில் இலந்தை உதிரும். மார்ச் முதல் மே வரை வெள்வேல், கருவேல், தூங்குமூஞ்சி ஆகியவற்றின் காய்கள் விழும். இனிப்புச் சதையுள்ள தூங்குமூஞ்சிக் காயை மாடும் மானும் தேடித் தின்னும். கோடை முடிவில் நாவல். ஆலும் அத்தியும் மரத்துக்கு மரம் வேறு வேறு மாதத்தில் பழுப்பதால் ஐந்தாறு மரம் இருந்தாலே ஆண்டு முழுவதும் ஏதாவது ஒன்று உதிர்ந்துகொண்டிருக்கும். களாவும் காரையும் சூரையும் தழையும் கனியும் தருவதோடு, குட்டி ஒளிந்துகொள்ள முள் அரணாகவும் நிற்கும். இவற்றைச் செலவழித்து நட வேண்டியதில்லை. வெள்ளாட்டை மூன்று மழைக்காலம் தள்ளி வைத்தால் வேர்க்கட்டையிலிருந்தே துளிர்த்துவிடும்.

சீமைக் கருவேலம் சிக்கலான செய்தி. நிலத்தடி நீரையும் நாட்டுத் தாவரங்களையும் நெருக்கும் இம்மரத்தை அகற்ற வேண்டும் என்பதில் ஐயமில்லை. தமிழ்நாடு அரசு 2022-ல் வெளியிட்ட அயல் ஆக்கிரமிப்புத் தாவரக் கொள்கையும் அதையே சொல்கிறது. ஆனால் பல இடங்களில் கோடையில் மானுக்கு மிஞ்சியிருக்கும் தீவனம் இதன் நெற்றுதான், மிஞ்சியிருக்கும் மறைவும் இதன் புதர்தான். மான் வயிற்றின் வழியே இதன் விதையும் பரவுகிறது. பொக்லைன் வைத்து ஒரே வாரத்தில் மொட்டையடித்தால் மான் ஊருக்குள் வரும். மழைக்கு முன் ஒரு திட்டை வேரோடு எடுத்து, அந்த இடத்தில் புல்லும் நாட்டுப் புதரும் பிடித்த பிறகு அடுத்த திட்டுக்குப் போவதே முறை. உண்ணிச்செடிக்கு இந்தத் தயக்கம் வேண்டாம். அதன் இலையை மான் தொடாது, அடியில் புல்லும் முளைக்காது.

புல்லுக்குத் தீ வைத்தால் பசும்புல் தளிர்க்கும் என்பது மலைக்காட்டுப் பழக்கம். இந்தச் சமவெளிக்கு அது ஆகாது. உலர் பசுமைமாறா மரங்கள் தீயைத் தாங்கிப் பழகியவை அல்ல. ஒரு தீயில் பத்தாண்டு வளர்ச்சி போய்விடும். தேவையான இடத்தில் அரிவாளால் அறுத்து, அறுத்த புல்லைக் கட்டுக்கட்டி மாட்டுக்குக் கொடுப்பதே மேல். ஆனால் புல் அறுப்பவர் ஓரத்திலிருந்து உள்நோக்கிப் போகாமல் நடுவிலிருந்து வெளிப்பக்கமாக வர வேண்டும். அப்போதுதான் படுத்திருக்கும் குட்டிக்கு ஓட வழி கிடைக்கும்.

நீர், கிணறு, வேலி, நாய்

இம்மாவட்டத்தில் மான் சாவுக்குப் பசியைவிட நேரடிக் காரணங்கள் இவைதான். கோடையில் தண்ணீர் தேடி ஊர்ப்பக்கம் வரும் மான் நாய்களிடம் சிக்குகிறது, கைப்பிடிச் சுவர் இல்லாத தரைமட்டக் கிணற்றில் விழுகிறது, சாலையில் அடிபடுகிறது. சென்னை–கொல்கத்தா நெடுஞ்சாலை கும்மிடிப்பூண்டியை நீளவாட்டில் பிளந்து செல்கிறது. கூடூர் ரயில் பாதை அதன் அருகிலேயே ஓடுகிறது. கண்டலேறு–பூண்டிக் கால்வாய் போன்ற, சரிவில் சிமென்ட் பூசிய வாய்க்கால்களில் இறங்கிய மானுக்குக் குளம்பு வழுக்கும், ஏற முடியாது.

இதற்கான முதல் வேலை புதுத் தொட்டி கட்டுவதல்ல, பாழ் கிணற்றைச் சுற்றி மூன்றடிச் சுவர் எழுப்புவது. அடுத்தது, நிலத்திலுள்ள தாங்கலைத் தூர் வாருவது. தூர் வாரும்போது கரையை எல்லாப் பக்கமும் செங்குத்தாக வெட்டிவிடாமல் ஒரு பக்கம் சாய்வாக விட வேண்டும். அந்தச் சாய்வில் நீர் வற்ற வற்ற ஈர விளிம்பு உள்வாங்கும். அதைத் தொடர்ந்து அருகும் கோரையும் பச்சைக் கோடாக இறங்கிவரும். ஏப்ரல் மாதத்து விடியலில் அந்தச் சேற்றில் பிளவுக் குளம்புத் தடங்கள் பதிந்திருப்பதைப் பார்த்தால், எத்தனை மான் வந்தது, அதில் குட்டி உண்டா என்பதுவரை தெரிந்துவிடும். தொட்டி கட்டியே ஆக வேண்டுமானால் ஆழம் ஓரடிக்கு மேல் வேண்டாம், உள்ளே சாய்தளம் வேண்டும், புதருக்கு மிக நெருக்கத்தில் இருக்கக் கூடாது. ஆலைக் கழிவுநீர் தேங்கும் குளங்களை மான் அணுக முடியாதபடி முழுமையாக அடைப்பது ஆலையின் கடமை.

புள்ளிமானால் ஐந்தடி வேலியைத் தாண்ட முடியும். ஆனாலும் அடியில் நுழைந்து போவதையே அது விரும்பும். வேலியின் கீழ்க்கம்பியை முள் இல்லாததாகப் போட்டுத் தரையிலிருந்து ஒன்றரை அடி உயர்த்தினால் மான் காயமின்றிப் போய்வரும். பயிர் நிலத்துக்கு மட்டும் நெருக்கமான வலைவேலி போடலாம். மின்சாரத்தை நேரடியாக வேலியில் பாய்ச்சுவது குற்றம். மானோடு மனிதரையும் கொல்கிறது.

நாயைப் பற்றிப் பேசாமல் மான் பராமரிப்பு பேச முடியாது. கோழி இறைச்சிக் கழிவும் உணவுக் கழிவும் கொட்டும் இடத்தில் நாய்க்கூட்டம் பெருகும், இரவில் அது காட்டுக்குள் போகும். கழிவைக் கட்டுப்படுத்துவதும் கருத்தடையுமே நிலையான தீர்வு. அதே குப்பையில் கிடக்கும் பிளாஸ்டிக் பையை உப்புச் சுவைக்காக மான் தின்றுவிடும். சென்னை வளாகங்களில் இறந்த மான்களின் வயிற்றில் அது கட்டியாகக் கிடந்ததைக் கால்நடை மருத்துவர்கள் கண்டிருக்கிறார்கள்.

மேய்ச்சல்

மாடு புல்லையும் வெள்ளாடு தழையையும் எடுத்துக்கொள்வதால் இரண்டும் சேர்ந்த இடத்தில் மானுக்கு எதுவும் மிஞ்சாது. கோமாரி, ஆட்டுக்கொல்லி நோய்கள் தாவும் ஆபத்தும் உண்டு. சுற்றுவட்டாரக் கால்நடைகளுக்குத் தவறாமல் தடுப்பூசி போடுவது மானுக்கும் பாதுகாப்பு. ஆனால் மேய்ப்பவர்களைக் குற்றவாளியாக்குவது நியாயமல்ல. தேர்வாய் கண்டிகையில் ஊரார் காத்துவந்த ஆயிரம் ஏக்கருக்கு மேற்பட்ட மேய்க்கால் நிலம் சிப்காட் தொழிற்பூங்காவுக்குப் போனது. மக்கள் நெடுநாள் போராடினார்கள். மேய்ச்சல் நிலம் போனால் மாடு காப்புக்காட்டின் ஓரத்துக்குத்தான் போகும். ஊர்ப் பொது மேய்க்காலைக் காப்பதும் மான் வாழிடத்தைக் காப்பதும் இங்கே ஒரே வேலை.

சட்டமும் எண்ணிக்கையும்

அமெரிக்காவில் மான் வேட்டை உரிமையைக் குத்தகைக்கு விடும் வருமானத்துக்காகவே பல தனியார் காடுகள் பேணப்படுகின்றன. காட்டோரத்தின் பயனை விளக்கிய ஆல்டோ லியோபோல்டின் 1933-ஆம் ஆண்டு நூலும் வேட்டை விலங்குப் பராமரிப்பு பற்றியதுதான். இந்தியாவில் 1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுக்கிறது. கொல்வது மட்டுமல்ல, பிடிப்பதும் கண்ணி வைப்பதும் வேட்டையே. சொந்த நிலத்தில் மேய்ந்தாலும் மான் நிலத்துக்காரரின் உடைமை ஆகாது. 2002-ல் வந்த திருத்தம் தனியார் நிலத்தையும் உரிமையாளரின் விருப்பத்தின்பேரில் சமூகக் காப்பகமாக அறிவிக்க வழி செய்துள்ளது. திருவள்ளூர் நிலத்துக்காரர்கள் சேர்ந்து செயல்பட விரும்பினால் பயன்படுத்தக்கூடிய வழி இது.

வேட்டை இல்லாத, சிறுத்தையும் இல்லாத சமவெளியில் மான் அளவுமீறிப் பெருகவும் கூடும். அந்தமானுக்குப் பிரிட்டிஷ் காலத்தில் கொண்டுபோய் விட்ட புள்ளிமான்கள், கொன்றுண்ணும் விலங்கு இல்லாததால் பெருகி, அந்தக் காடுகளின் இளங்கன்றுகளையே மேய்ந்து தீர்த்தன. ஆகவே தீவனம் வாங்கிக் கொட்டுவதும் உப்புக்கட்டி வைத்துக் கூட்டம் சேர்ப்பதும் வேண்டாம். காட்டின் தாங்குதிறனை அறிய எளிய வழி உண்டு. நான்கு மீட்டர் சதுரத்தில் ஒரு துண்டை மான் நுழையாதபடி வலைவேலி போட்டு அடைத்து, பக்கத்திலேயே அதே அளவில் ஒரு துண்டைத் திறந்து விட வேண்டும். இரண்டு மழைக்குப் பின் வேலிக்குள் பாலையும் வீரையும் கன்றாக நின்று, வெளியே ஒன்றுமே இல்லாவிட்டால் மேய்ச்சல் மிஞ்சிவிட்டது என்று பொருள். மரங்களின் கீழ்க்கிளைகள் எல்லாம் ஒரே மட்டத்தில் கத்தரித்தது போலத் தெரிந்தாலும் அதே செய்திதான்.

நிலத்தில் தனியே படுத்திருக்கும் குட்டியைக் கண்டால் தூக்கக் கூடாது. தாய் அருகில்தான் இருக்கும். ஊருக்குள் வந்துவிட்ட பெரிய மானைக் கூட்டமாகத் துரத்திப் பிடித்தால், காயமே இல்லாவிட்டாலும் அச்சத்தாலும் தசைச் சிதைவாலும் சில மணி நேரத்திலோ சில நாளிலோ அது இறந்துவிடக் கூடும். ஆட்களை விலக்கி, நாய்களைக் கட்டி, காட்டுப் பக்கம் வழி விட்டு, வனச்சரக அலுவலகத்துக்குத் தகவல் சொல்ல வேண்டும்.